கொட்டகைத் தூணில் ஓர் எதிரி

இனி வராது என்று அம்சவேணி நினைத்து முடிப்பதற்குள் அது மறுபடியும் வந்துவிட்டது. விறகுக் கொட்டகையின் ஓரத் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த வட்டக் கண்ணாடிக்கு எதிரே, மரத்தக்காளிச் செடியின் கிளையில் உட்கார்ந்து தலையை ஒருபக்கம் சாய்த்தது. கண்ணாடிக்குள் இருந்ததும் சாய்த்தது. இது வாலை ஒருமுறை விரித்து மூடியது. அதுவும் விரித்து மூடியது. அதற்குமேல் பொறுக்கவில்லை, இறக்கையை அடித்துக்கொண்டு பாய்ந்து அலகால் ஒரு கொத்து, காலால் ஒரு உதை, வழுக்கிக் கீழே விழப்போய்ச் சுதாரித்து மறுபடியும் அதே கிளை. விடிந்ததிலிருந்து இதே வேலை. முதல் சத்தம் கேட்டபோது யாரோ பின்கதவைத் தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அத்தையும் அப்படியே நினைத்து, வர்றேன் இருங்க என்று சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, யாருமில்லை என்று மூடினாள். இப்போது அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் இவளும் அந்தச் சத்தமும்தான். கருப்பு என்றால் காக்காய்க் கருப்பு இல்லை, ஈரத்துணியால் துடைத்த சிலேட்டின் கருப்பு. அலகு மட்டும் ஆரஞ்சு. கண்ணைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு வளையம், யாரோ குச்சியால் தொட்டு வரைந்ததுபோல. இதற்கு என்ன பெயர் என்று இதுவரை யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை. அத்தைக்கு அது கருங்குருவி. வீட்டுக்காரருக்கு, காக்காக் குட்டி. பள்ளியில் உயிரியல் எடுக்கிற டீச்சர் ஒருமுறை இது பூங்குருவி ஜாதி என்று சொன்னதாக ஞாபகம். அப்போது அம்சவேணி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், சரியாகக் காதில் வாங்கவில்லை. அதற்கே தன் பெயர் தெரியாது, தன் முகமும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தப் பாடு படுமா. உள்ளே இருப்பவனை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அது? அடிக்க அடிக்க ஓடாதவன், தானாக முதலில் கை ஓங்காதவன், ஆனால் அடித்தால் அதே நொடியில் அதே இடத்தில் திருப்பி அடிப்பவன். அப்படி ஒருவனோடு எத்தனை நாள் சண்டை போட முடியும்.

எழுந்துபோய் ஒரு துணியை விசிறினால் போய்விடும். ஆனால் எழுந்துபோகக் கூடாது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு அனுப்பியபோது டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள், பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்திரிக்கணும், மத்த நேரம் படுக்கை, அதுவும் இடது பக்கம் ஒருக்களித்து, அப்போதுதான் பிள்ளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும். இந்தக் கட்டிலின் இடது பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு வடிகால், அதற்கு அந்தப் பக்கம் கொட்டகை, ஓரமாக, கடைகளில் சௌசௌ என்று விற்கும் மேரக்காயின் பந்தல், அதன் பின்னால் மலைச்சரிவு ஒரு படி மேலே ஏறி ஜெகதாக்கா வீட்டுச் சுவரில் முட்டி நிற்கும். இதைத்தான் பார்த்தாக வேண்டும் என்று டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த நாளாக இந்தப் பின்புறத்தில் துணி துவைத்திருக்கிறாள், பாத்திரம் கழுவியிருக்கிறாள், இந்தக் குருவியைப் பார்த்ததில்லை. பார்த்திருப்பாள், கவனித்ததில்லை. படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காலையில் எல்லாவற்றுக்கும் முந்தி எழுந்து ஜெகதாக்கா வீட்டுத் தகரக் கூரை உச்சியில் நின்று பாடும். பாட்டு குயில்போல ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்வதில்லை. புல்லாங்குழலைச் சோதித்துப் பார்ப்பவன் மாதிரி ஒன்றை ஊதி, கொஞ்சம் யோசித்து, வேறொன்றை ஊதும். பாடி முடித்தால் நேரே தரைதான். இந்தக் குருவி மரத்துக் குருவி இல்லை, தரைக் குருவி. பந்தலுக்கு அடியில் அழுகிக் கிடக்கும் சருகை அலகால் பிடித்து இடதுபக்கம் ஒரு வீச்சு, வலதுபக்கம் ஒரு வீச்சு, அலமாரியில் எதையோ தேடுகிறவளைப் போல எல்லாவற்றையும் வெளியே இறைக்கும். ஈரமண் பக்கம் வந்தால் வேறு மாதிரி. கிடுகிடுவென்று ஒரு ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து அசையாமல் மண்ணைப் பார்க்கும். பார்க்கிறதா, மண்ணுக்குள் கேட்கிறதா? நகர்கிற புழுவுக்குச் சத்தம் உண்டா? அந்த நிறுத்தத்தில் இவளுக்கும் மூச்சு நின்றுபோகும். பிறகு ஒரே கொத்து, ரப்பர் மாதிரி நீண்டு வரும் புழு. ஒருநாளும் அந்தக் கணக்கு தப்பிப் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அசைவு தெரிகிறதா என்று டாக்டரம்மா போன முறை கேட்டாள். எப்படி இருக்கும் டாக்டர்? ஒருத்தருக்கு ஒரு மாதிரி, குமிழி உடையற மாதிரி, மீன் திரும்பற மாதிரி. அடுத்த தடவை வரும்போது சொல்லணும். சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன. முன்பு இரண்டு முறையும் இந்த மாதம்வரை வந்ததில்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

டொக். கண்ணாடி ஆணியில் ஆடியது. ஆடும்போது அதற்குள் வானம் போயிற்று, தகரக் கூரை போயிற்று, மஞ்சளாக ஏதோ ஒன்று வந்து நின்று நகர்ந்தது. அம்சவேணி கண்ணைச் சுருக்கினாள். படுத்த இடத்திலிருந்து கண்ணாடி சாய்வாகத்தான் தெரியும். அதில் எப்போதும் மேலே இருக்கும் ஜெகதாக்கா வீட்டு வராந்தாவின் கம்பித் தடுப்பு ஒரு துண்டு தெரியும். நேராகப் பார்த்தால் அந்த வராந்தா தெரியாது, ஜன்னலுக்கு மேல் நீண்டிருக்கும் கூரை மறைத்துவிடும். மஞ்சள் சேலை. அக்கா வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கண்ணுக்காகத்தான் இந்தக் கண்ணாடியே. மாமனார் சவரம் செய்துகொண்ட கண்ணாடி, ஸ்டீல் விளிம்பு, அவர் போன பிறகு பரணில் கிடந்தது. இரண்டாவதும் தங்காமல் போய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று அத்தை யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, தானே ஸ்டூலில் ஏறி, மேல்வீட்டைப் பார்த்தாற்போல ஆணியடித்து மாட்டினாள். பார்க்கிறவங்க பார்வை அவங்களுக்கே திரும்பிப் போயிரும் கண்ணு, நீ நிம்மதியாத் தூங்கு. முதல் தடவை உண்டானபோது ஜெகதாக்கா சுவரோரம் நின்று இவள் வயிற்றைப் பார்த்து, என்னடி இது, ரெட்டையாட்டம் இருக்குது என்று சிரித்தாள். அந்த வாரமே போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. ஒரு சிரிப்பு, ஒரு வார்த்தை. அதற்கு முன்பும் பின்பும் அவள் கொடுத்த ரசம், தைத்துக் கொடுத்த ஜாக்கெட், ஊசிபோட நள்ளிரவில் டாக்ஸி பிடித்து வந்த அவள் வீட்டுக்காரர், எதுவும் அத்தையின் கணக்கில் ஏறவில்லை. ஜெகதாக்காவுக்குப் பிள்ளை இல்லை. அது மட்டும் ஏறியது. அம்சவேணி அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஏழாம் வகுப்புக்குக் கிரகணத்தைப் பந்து வைத்து விளக்குகிறவள். ஆனாலும் கண்ணாடி மாட்டிய பிறகுதான் இந்தப் பிள்ளை தங்கியிருக்கிறது. தங்கியது தையலால் என்று தெரியும். தெரிந்தும், காலையில் கண் விழித்ததும் முதலில் கண்ணாடி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள். இருக்கிறது என்றால் ஒரு மூச்சு. இதைத் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அவருக்குப் போன் போட்டாள். லோகநாதன் தேயிலை லாரியோடு கோயம்புத்தூர் போய்க்கொண்டிருந்தான். பர்லியாறு பக்கம் ஓரங்கட்டி எடுத்திருக்க வேண்டும், பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "என்ன அம்சா, வலிக்குதா?" எடுத்தவுடன் அதுதான் கேள்வி, எப்போதும் அதுதான். "இல்லீங்க. அந்தக் குருவி கண்ணாடியக் கொத்திட்டே இருக்குது." "எந்தக் குருவி?" "கருப்புக் குருவிங்க. உங்க காக்காக் குட்டி." "அதுக்கா போன் பண்ணின? நான் பயந்தே போயிட்டேன். ஒரு கல்ல எடுத்து விட்டெறி." "கண்ணாடி உடைஞ்சா?" என்று கேட்டாள். கண்ணாடி உடைந்தால் என்ன என்று அவனும் சொல்லவில்லை. "அம்மா வரட்டும், எடுக்கச் சொல்லு" என்றான். "அத்தை எடுப்பாங்களா?" "எடுக்காது." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "விடு அம்சா, அதுக்கு வேற வேலை இல்ல, நமக்கு இல்லையா" என்று வைத்துவிட்டான். அதற்கு வேலை இருக்கிறது, அதுதான் விஷயம் என்று அவள் அணைந்துபோன போனிடம் சொன்னாள். மேரக்காய்ப் பந்தலில் கொடி இரட்டையாகப் பின்னிய இடத்தில் பாசியும் மண்ணும் குழைத்துக் கட்டிய கூடு ஒன்று இருக்கிறது. கட்டியது பெட்டை. அது கருப்பு இல்லை, மங்கலான பழுப்பு. முதலில் வேறு ஏதோ குருவி என்றே நினைத்திருந்தாள். அது அடைகாத்து உட்கார்ந்திருந்த நாட்களில் இவளும் இங்கே அசையாமல் படுத்திருந்தாள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. உனக்கு யாரும் தையல் போடவில்லை, நீயாகவே உட்கார்ந்திருக்கிறாய் என்று அதனிடம் சொல்லியிருக்கிறாள், வாய்விட்டே. இப்போது குஞ்சுகள் வாயைத் திறந்தால் இங்கேவரை தெரிகிறது, மஞ்சள் வாய்கள். நேற்றுவரை இரண்டும் மாற்றி மாற்றி ஊட்டின. இன்று காலையிலிருந்து பெட்டை மட்டும்தான் போகிறது வருகிறது. ஆண் இங்கே யுத்தத்தில், இன்றுதான் கண்ணாடி அதன் கண்ணில் பட்டிருக்கிறது. கூட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான் என்றால் எப்படிச் சும்மா இருக்கும். கூட்டைக் காக்கிறதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. காத்துக் காத்து ஊட்ட மறந்துவிட்டது.

"உங்க வீட்டுக் கண்ணாடிக்குப் போட்டி வந்துருச்சாட்டம் இருக்குது." குரல் மேலேயிருந்து வந்தது. ஜெகதாக்கா சுவரோரம் வந்து நிற்கிறாள். குனிந்து பார்த்ததில் தலையும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவும் கூரைக்குக் கீழே தெரிந்தன. "நான் தலை சீவற கண்ணாடியாச்சே அது. இது வந்து கொத்திட்டிருக்குது." அம்சவேணிக்கு முகம் சூடாகியது. "என்னக்கா சொல்றீங்க" என்றாள். "பின்ன? உங்க அத்தை எனக்குன்னு பார்த்து மாட்டுனதுதான? வேண்டாம்னு சொன்னா நல்லாருக்குமா? காலைல எந்திரிச்சு இந்தச் சுவரோரம் வந்து நின்னு அதுல பார்த்துத்தான் வகிடு எடுக்கறேன். என்ன, கொஞ்சம் தூரம். வகிடு கோணிப் போகுது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் எங்கே இருக்கிறது என்று அம்சவேணி தேடினாள். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சாப்ட்டியா?" "சாப்ட்டங்க்கா. பயறு." "பயறா? வாயு புடிக்கும்டி. சாயங்காலம் பூண்டு ரசம் தரேன், உங்க அத்தை கீழ ஊத்தறதுக்கு முன்னாடி குடிச்சுரு." மறுபடியும் சிரிப்பு. தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடியது. கேட்டிருக்கலாம். அந்தக் குருவியைக் கொஞ்சம் விரட்டிவிடுங்கள் அக்கா என்றால் விரட்டிவிடுவாள். விரட்டினால் திரும்ப வரும். கண்ணாடியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால்தான் தீரும், அதை அக்காவிடமே எப்படிக் கேட்பது. உன்னைத் தடுப்பதற்கு வைத்ததை நீயே வந்து எடு என்று. இத்தனை நாளாக இரண்டு வீட்டிலும் யாரும் பேசாத ஒன்று அது, இப்போது அக்கா தலை சீவுகிற கதையாக்கிப் பேசியும் விட்டாள்.

டொக், டொக். இந்த முறை விழுந்தேவிட்டது. கீழே மரத்தூளில் இறக்கையைப் பரப்பிக்கொண்டு வாயைப் பிளந்து கிடந்தது. சரி, முடிந்தது என்று நினைக்கும்போது எழுந்து நின்று உடம்பை உதறியது. கண்ணாடியின் கீழ்விளிம்பில் சிவப்பாக ஒரு தீற்றல். முதலில் அது அத்தை வைத்த குங்குமம் என்று நினைத்தாள். அத்தை குங்குமத்தை மேலேதான் வைத்திருந்தாள். ரத்தம். பார்க்கக் கூடாது என்று திரும்பிப் படுக்கப் பார்த்து, வலதுபக்கம் கூடாது என்று ஞாபகம் வந்து, அப்படியே மல்லாந்தாள். மல்லாந்தும் கூடாது. ரத்தம் என்ற சொல்லையே இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, பீட்ரூட்டைக்கூட அத்தை அவள் கண்ணில் படாமல் நறுக்குகிறாள். இரண்டு முறையும் பாத்ரூமில்தான் தெரிந்தது. இப்போதுகூட ஒவ்வொரு முறை போகும்போதும் முதலில் கீழே பார்க்கிறாள், பிறகுதான் விளக்கைப் போட்டதே ஞாபகம் வருகிறது. மறுபடி இடதுபக்கம். கண்ணாடிக்குள் மஞ்சள் துண்டு அசைந்தது. பார்க்கிறாளா? எதற்குப் பார்க்கிறாள்? எனக்கு என்ன வந்துவிட்டது, ரசம் தருகிறேன் என்று சொன்னவளைப் போய். கூட வேலை பார்க்கிற உமையாளின் வளைகாப்பு ஞாபகம் வந்தது, அது எப்போதும் இப்படி அழைக்காமல்தான் வரும். பள்ளியிலிருந்து டீச்சர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். சந்தனம் பூசி வளையல் போட வரிசை. இவளுக்கு முன்னால் இன்னும் ஒருத்திதான் பாக்கி, கையில் வளையலை எடுத்தும் வைத்திருந்தாள், பச்சை. உமையாளின் பெரியம்மா வந்து தோளைத் தொட்டு, டீச்சர், பந்தில இலை போட ஆளில்ல, நீங்க கொஞ்சம் பார்த்துக்கறீங்களா என்றாள். எவ்வளவு அன்பாகச் சொன்னாள். இவளும் வளையலைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு ஓடிப்போய் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, பாயசத்துக்குக் கப் எண்ணி, வியர்வையோடு வெளியே வந்து பஸ் ஏறி, பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் புரிந்தது. அன்று அந்தக் கூடத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தால் அது இவளைப் பார்த்துத்தான் மாட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். அத்தை மூன்று தரம் கேட்டாள், வளையல் போட்டியா, என்ன கலர் போட்ட. பச்சை என்றாள்.

மெதுவாக எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இதற்கு அனுமதி உண்டு. மூலையில் ஒட்டடைக் குச்சி சாய்ந்திருந்தது, மூங்கில், நல்ல நீளம். ஜன்னல் வழியாக நீட்டினால் எட்டும். நுனியில் அத்தையின் கம்பளிக் குல்லாவை மாட்டி, கண்ணாடி மேல் கவிழ்த்துவிட்டால் போதும், எடுக்கவும் வேண்டாம், உடையவும் உடையாது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. குல்லா மாட்டிய கண்ணாடியை நினைத்து மாமனார் முகமே குல்லாவோடு தெரிந்து சிரிப்பும் வந்தது. குச்சியை எடுத்து, நுனியில் குல்லாவை மாட்டி, ஜன்னலைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது, யூகலிப்டஸ் புகை, எங்கோ யாரோ வெந்நீர் போடுகிறார்கள். குருவி கிளையிலிருந்து இவளைப் பார்த்தது. பார்த்தும் மதிக்கவில்லை. குச்சியை நீட்டியாயிற்று; கண்ணாடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். தோள்வரை வந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. கைய மேல தூக்காத கண்ணு, பிள்ளைக்குக் கொடி சுத்திக்கும். அத்தை தினமும் சொல்வது, தலை சீவும்போதுகூடத் தானே வந்து சீவிவிடுவாள். கைக்கும் கொடிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாள். சம்பந்தமில்லை. எல்லாம் தெரியும். கை மட்டும் தோளுக்கு மேல் போக மறுத்தது. குச்சி சாய்ந்து, குல்லா நழுவி வடிகாலில் விழுந்தது. வடிகால் தண்ணீரில் குல்லா மெல்ல நகர்ந்து ஒரு கல்லில் தட்டி நின்றது. டொக். நான் குருவியை முட்டாள் என்கிறேன் என்று நினைத்தாள். அதுவாவது பாய்கிறது.

"அம்சா! குச்சியக் கீழ போடு! போய்ப் படுடி முதல்ல!" மெஷின் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜெகதாக்காவின் குரல் சுவர்வரை வரவில்லை, வராந்தாவிலிருந்தே கத்தியது. அங்கேயிருந்து இந்த ஜன்னல் தெரியாதே. கூரை மறைக்கும். "எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று இவளும் கத்தினாள். "கண்ணாடிலதான்! உங்க அத்தை மாட்டுனதிலிருந்து உன் ஜன்னல் எனக்கு சினிமா மாதிரித் தெரியுது. நீ எந்திரிச்சாத் தெரியும், படுத்தாத் தெரியும். அவங்க வெளிய போறப்பெல்லாம் மெஷின இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்குவேன். தனியாக் கிடக்கறியே, ஏதாச்சும் ஒண்ணுன்னா?" அம்சவேணி குச்சியைச் சுவரில் சாத்தினாள். இவள் படுக்கையிலிருந்து அந்த வராந்தா தெரிகிறதென்றால், வராந்தாவிலிருந்து இந்தப் படுக்கை தெரியத்தான் செய்யும். ஒளி விழுகிற கோணமும் திரும்புகிற கோணமும் ஒன்றே என்று வருஷாவருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற பாடம். படுத்துப் படுத்து அது மட்டும் தோன்றவில்லை. அத்தை ஸ்டூலில் ஏறி, நன்றாகச் சாய்த்து, சரிபார்த்து மாட்டியிருக்கிறாள்; அக்காவின் கண்ணைத் திருப்பி அனுப்புவதற்கென்று மாட்டியது அதை நேராக இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மாட்டியதிலிருந்து இத்தனை நாளும் ஒவ்வொரு நாளும் அந்தக் கண் இங்கேதான் இருந்திருக்கிறது. அப்படியும் பிள்ளை தங்கியிருக்கிறது. இதை எந்தப் பக்கமிருந்து யோசிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருக்க வேண்டும். பதிலாக யாரோ போர்வையை இழுத்துவிட்டதுபோல இருந்தது. "அக்கா" என்றாள். "என்னடி?" "அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் எடுத்துடறீங்களா?" "நானா?" என்றாள் ஜெகதாக்கா, வேறொரு குரலில். "உங்க அத்தை வரட்டும் அம்சா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..." முடிக்கவில்லை. முடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏதாவது ஆனால் எடுத்த கை அவளுடையது. காலமெல்லாம். "ஆச்சுன்னா, நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் அம்சவேணி. "குஞ்சுக்கு இன்னைக்கு அது ஒரு புழுகூடக் கொண்டுபோகலக்கா."

கல்படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. நேரில் பார்க்கும்போது சேலை வெறும் மஞ்சள் இல்லை, பழுத்த இலையின் நிறம். ஜெகதாக்கா அருகில் வரவும் குருவி சருகுக்குள் தாழப் பறந்து கெக்கெக்கென்று திட்டியது. அவள் எக்கி ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். எடுத்ததும் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி கையில் கிடைத்தால் யாரும் செய்வதுதான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "தூரத்துல பார்க்கறப்ப நரை தெரியலடி" என்றாள். அந்தச் சமயத்தில்தான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி அத்தை வந்தாள். மூச்சு வாங்க நின்றாள். வெறும் ஆணியைப் பார்த்தாள், ஜெகதா கையைப் பார்த்தாள், ஜன்னலில் மருமகளைப் பார்த்தாள், வடிகாலில் தன் குல்லாவையும் பார்த்தாள். "நான்தான் எடுக்கச் சொன்னேன் அத்தை. குருவி அடிச்சு அடிச்சு ரத்தம். அதுக்குக் குஞ்சு இருக்குது" என்று அம்சவேணி ஒரே மூச்சில் சொன்னாள். அத்தை கூடையை இறக்கிவைத்துக் கையை நீட்டினாள். ஜெகதாக்கா கொடுத்தாள். விளிம்பிலிருந்த ரத்தத்தை அத்தை முந்தானையால் துடைத்தாள், காய்ந்திருந்ததால் எச்சில் தொட்டுத் துடைத்தாள். "அவரு அவசரத்துல சவரம் பண்ணிட்டு இப்படித்தான் தெளிச்சு வெச்சிருப்பாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் மேல்வீட்டைப் பார்த்தாள், அங்கேயிருந்து ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி ஆணியை. அவளுக்கு யாரும் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டவில்லை. கணக்கு புரிந்ததா புரியவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்துக் கூடைக்குள் கத்தரிக்காய்க்கு அடியில் செருகினாள். ஜெகதாக்கா படியேறத் திரும்பினாள். "ஏ ஜெகதா." அவள் நின்றாள். "நாளைலருந்து தலை சீவ என்ன பண்ணுவ?" ஜெகதாக்கா திரும்பி அத்தையைப் பார்த்தாள். எத்தனை நாளாகத் தெரியும் அத்தைக்கு? "உங்க வீட்டுக்குள்ளதான் வரணும்" என்றாள் ஜெகதாக்கா. "வந்துதான் தொலையேன். இவ சும்மாதான் கிடக்கறா. அப்படியே அந்தக் குல்லாவ எடுத்துட்டு வா, என்னால குனிய முடியாது."

அடுப்படியில் இரண்டு பேரும் பேசும் சத்தம் கேட்டது, கத்தரிக்காய் விலையைத் திட்டுவது அத்தை, பூண்டு கேட்பது ஜெகதாக்கா. அம்சவேணி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். ஜன்னலை யாரும் மூடவில்லை. குருவி திரும்பி வந்து அதே கிளையில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்தது. எதிரே தூணும் ஆணியும்தான். பறந்துபோய்த் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, விறகுக்கு மேல் ஏறிப் பார்த்தது. ஜெயித்துவிட்டதாக நினைக்கிறதா, ஏமாற்றமா? காலையிலிருந்து இருந்த ஒருவன் திடீரென்று இல்லை என்றால், எதிரியானாலும் ஒரு வெறுமை இருக்கும் அல்லவா. பந்தலில் மஞ்சள் வாய்கள் திறந்து கத்தின. அது கேட்டதோ என்னவோ, மண்ணில் இறங்கியது. கிடுகிடுவென்று ஓடி சட்டென்று நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரே கொத்து. புழு அலகின் இரண்டு பக்கமும் தொங்க, அதை விழுங்காமல் பந்தலுக்குப் போயிற்று. அப்போதுதான் தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாக, எதுவோ ஒருமுறை திரும்பியது. வாயுவாகவும் இருக்கும், அக்காதான் சொன்னாளே, பயறு. அத்தையைக் கூப்பிட வாய் திறந்து மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடி வருவார்கள், ஆளுக்கொன்று கேட்பார்கள். தலையணையில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூச்சைப் பிடித்து, அசையாமல், அது இன்னொரு முறை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.